ஐந்தாம் கான்ஸ்டன்டைன்

ஐந்தாம் கான்ஸ்டன்டைன் (718 – செப்டம்பர் 14, 775) கிபி 741 முதல் 775 வரை பைசாந்தியப் பேரரசை ஆண்ட பேரரசர் ஆவார். மூன்றாம் லியோவின் மகனான இவர், இசோரிய மரபு என வழங்கப்படும் அரச மரபின் இரண்டாவது அரசர். அரபியருக்கும் பல்காரியருக்கும் எதிரான போர்களில் பல வெற்றிகளைப் பெற்றவர். எனினும் கிறித்தவ வழிபாட்டில் திருவோவியங்களுக்கு இடமில்லை என்று இவர் எடுத்த நிலைப்பாடே இவரை வரலாற்றில் அறியச் செய்தது. இந்நிலைப்பாட்டை எதிர்த்தவர்கள் இறுதியில் வென்றதால், இவருடைய எழுத்துகள் அழிக்கப்பட்டன. இவர் காலத்தைப் பற்றி இன்று கிடைக்கும் கிரேக்க வரலாற்று நூல்கள் எதிர்த்தரப்பினரால் எழுதப்பட்டவை. ஆகவே இவரைப் பற்றிய செய்திகள் ஒவ்வொன்றையும், அதை யார், எப்போது எழுதினார் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டியுள்ளது.

பெயரும் இளமையும்

கான்ஸ்டன்டைன் பிறந்த ஆண்டில் தலைநகரான கான்ஸ்டன்டினோபிள் அரபுப் படைகளின் முற்றுகையிலிருந்து தப்பியது. 720 ஆம் ஆண்டில், இரண்டு வயதுகூட நிரம்பாத நிலையில், தந்தையுடன் இணைப் பேரரசராக முடிசூட்டப்பட்டார். ஏறத்தாழ 732 இல் காசார் மக்களின் அரசரான ககானின் மகளை மணந்தார். அவ்விளவரசி திருமுழுக்குப் பெற்று ஐரீன் என்னும் பெயரைப் பெற்றார். இவர்களுடைய மகனே பின்னர் ஆட்சிக்கு வந்த நான்காம் லியோ. 740 இல் அக்ரோயினோன் என்னும் இடத்தில் அரபுப் படையைத் தோற்கடித்த போரில் கான்ஸ்டன்டைன் தந்தையுடன் கலந்து கொண்டார்.

இவருக்கு எதிரிகள் வைத்த பட்டப்பெயர் கோப்ரோனிமோஸ் என்பது. மலத்தின் பெயரைக் கொண்டவன் என்பது இதன் பொருள். குழந்தையாக இருந்தபோது திருமுழுக்குத் தொட்டி நீரை இவர் அசுத்தப்படுத்தினார் எனவும், திருமுழுக்கு வழங்கிய மறைமுதுவர் செர்மானோஸ் இதைத் தீய சகுனமாகக் கண்டார் எனவும் தியோபேன்ஸ் என்னும் துறவி எழுதியுள்ளார். இவர் எழுதியது நிகழ்ச்சிக்கு ஏறத்தாழ 90 ஆண்டுகளுக்குப் பின்னர். குதிரைகள் மீது பேரரசர் கொண்டிருந்த விருப்பத்தைக் கேலி செய்து, குதிரைச் சாணத்தைக் குறிக்கும் கபால்லினோஸ் என்னும் மற்றொரு பெயரும் வழங்கியது. பிற்காலத்து நூல்களில் இப்பட்டப்பெயர்கள் ஏறக்குறைய அதிகாரப்பூர்வப் பெயர்களாகவே ஆகிவிட்டன.

திருவோவியச் சிக்கலின் தொடக்கம்

இங்கே திருவோவியம் எனப்படுவது இயேசு, மரியா, புனிதர்கள் ஆகியோரின் உருவங்களை மரப்பலகையிலோ, சுவரிலோ, மொசைக்காகவோ தீட்டிய ஓவியமாகும். முழுச் சிலைகள் கிழக்குத் திருச்சபையில் மிகுதியாக இல்லாததால் சர்ச்சை முக்கியமாக ஓவியங்களைப் பற்றியதாகவே இருந்தது. ஆறாம், ஏழாம் நூற்றாண்டுகளில் இவற்றுக்கு முன் விளக்கேற்றுவதும், முத்தமிடுவதும், விழுந்து வணங்குவதும் பெருகின. இதே காலத்தில் பேரரசு தன் வளமான மாகாணங்களான சிரியா, பாலத்தீனம், எகிப்து ஆகியவற்றை அரபியரிடம் இழந்தது. கடவுள் ஏன் தங்களைக் கைவிட்டார் என்னும் கேள்வி அக்கால மக்களுக்கு மிகவும் உண்மையானது. சிலை வணக்கத்தை விலக்கும் பத்துக் கட்டளைகளை மீறியதே காரணம் என்று சிலர் கருதினர்.

726 இல் ஏகியன் கடலில் தேரா தீவின் எரிமலை வெடித்ததை மூன்றாம் லியோ கடவுளின் சினமாகக் கொண்டார் எனக் கூறப்படுகிறது. 730 சனவரியில் அவர் திருவோவியங்களுக்கு எதிரான நிலைப்பாட்டை அறிவித்தபோது, செர்மானோஸ் அதற்கு உடன்படாமல் பதவியிலிருந்து விலகினார். அவருக்குப் பின் அனஸ்தாசியோஸ் மறைமுதுவரானார். எனினும் லியோவின் காலத்தில் நடந்த அழிப்புகள் குறித்துக் கிடைக்கும் உறுதியான சான்றுகள் மிகக் குறைவு. கொள்கைக்கு இறையியல் வடிவம் கொடுத்தவர் மகன்தான்.

ஆர்டபஸ்டோசின் கிளர்ச்சி

741 சூன் 18 இல் லியோ இறந்தார். சிறிது காலத்திலேயே, கான்ஸ்டன்டைனின் தமக்கை அன்னாவின் கணவரும், ஒப்சிகியோன் படைமாகாணத்தின் தளபதியுமான ஆர்டபஸ்டோஸ் கிளர்ச்சி செய்து தலைநகரைக் கைப்பற்றினார். கான்ஸ்டன்டைன் அமோரியோனுக்குத் தப்பிச் சென்று, அனத்தோலியப் படைகளின் துணையோடு திரும்பிவந்தார். சார்டிஸ் அருகே ஆர்டபஸ்டோசைத் தோற்கடித்த பின், நீண்ட முற்றுகைக்குப் பின்னர் 743 நவம்பர் 2 இல் நகருக்குள் நுழைந்தார். ஆர்டபஸ்டோசும் அவருடைய மகன்களும் கண்கள் குருடாக்கப்பட்டனர். கிளர்ச்சியாளருக்கு உடன்பட்ட மறைமுதுவர் அனஸ்தாசியோஸ், கழுதையின் மேல் பின்புறம் நோக்கி உட்காரவைக்கப்பட்டு ஹிப்போட்ரோம் எனப்படும் குதிரைப்பந்தய அரங்கில் ஊர்வலமாகக் கொண்டு செல்லப்பட்டார். ஆனால் அவர் பதவி பறிக்கப்படவில்லை. அவமானப்பட்ட மறைமுதுவர் ஒருவர் பேரரசருக்கு வசதியாக இருந்திருக்கக்கூடும்.

ஆர்டபஸ்டோஸ் திருவோவியங்களை மீண்டும் அனுமதித்தார் எனத் தியோபேன்ஸ் எழுதுகிறார். இக்கிளர்ச்சி சமயப் போரா, வெறும் அரியணைப் போட்டியா என்பதில் இன்றைய ஆய்வாளர்கள் பலர் இரண்டாவதையே ஏற்கின்றனர். எவ்வாறாயினும், மறுபடியும் இவ்வாறு நேராதிருக்க, பெருகிய பலம் கொண்டிருந்த ஒப்சிகியோன் மாகாணத்தைப் பேரரசர் பிரித்தார். தலைநகரில் தமக்கு நேரடியாகக் கட்டுப்பட்ட தாக்மாட்டா என்னும் நிலையான படைப்பிரிவுகளையும் உருவாக்கினார். இப்படையினர் அவர் இறந்த பின்னரும் அவருடைய கொள்கைக்கு விசுவாசமாக இருந்தனர்.

பேரரசரின் வாதம்

கான்ஸ்டன்டைன் தாமே இறையியல் எழுதிய பேரரசர். பெவ்செயிஸ், அதாவது வினாக்கள், என்னும் தலைப்பில் இவர் எழுதியவை இன்று தனியாகக் கிடைக்கவில்லை. அவற்றை மறுப்பதற்காக மறைமுதுவர் நிக்கிபோரோஸ் அரை நூற்றாண்டுக்குப் பின் எழுதிய நூலில், மறுப்புக்கு முன்னால் எடுத்துக்காட்டப்பட்ட பகுதிகள் மட்டுமே எஞ்சியுள்ளன. நிக்கிபோரோசின் தந்தை, திருவோவியங்களை வணங்கியதற்காக இதே கான்ஸ்டன்டைனால் நாடுகடத்தப்பட்டவர் என்பதும் குறிப்பிடத்தக்கது.

தந்தை லியோவின் காலத்துச் சர்ச்சை, ஓவியத்தை வணங்குவது சிலை வணக்கமா என்பதைப் பற்றியது. கான்ஸ்டன்டைன் கேள்வியையே மாற்றினார். கிறித்துவிடம் இறை இயல்பும் மனித இயல்பும் கலப்பின்றியும் பிரிவின்றியும் ஒரே ஆளில் உள்ளன என்று 451 ஆம் ஆண்டின் கால்சிடோன் பொதுச்சங்கம் வரையறுத்திருந்தது. அப்படியானால் கிறித்துவை வரையும் ஓவியன் எதை வரைகிறான்? மனித இயல்பை மட்டும் வரைகிறான் என்றால், அதை இறை இயல்பிலிருந்து பிரித்துவிடுகிறான். இது நெஸ்தோரியக் கொள்கை என்று 431 இலேயே கண்டிக்கப்பட்டது. இரண்டையும் சேர்த்தே வரைகிறான் என்றால், எல்லையற்ற இறைத்தன்மையைக் கோட்டுக்குள் அடைத்து, இரண்டு இயல்புகளையும் கலந்துவிடுகிறான். இது ஓரியல்புக் கொள்கை என்று கண்டிக்கப்பட்டது. ஆக, எப்படி வரைந்தாலும் ஓவியன் தவறான கொள்கையில் விழுகிறான்.

இதற்கு அடிப்படையாக இவர் வைத்தது, உண்மையான படிமம் என்பது அது குறிக்கும் மூலத்தோடு ஒரே பொருளாக இருக்க வேண்டும் என்னும் கருத்து. மரமும் மெழுகும் வண்ணமும் கிறித்துவோடு ஒரே பொருளாக முடியாது. அவ்வாறு இருக்கக்கூடியது, கிறித்து தாமே ஏற்படுத்திய நற்கருணை அப்பமும் இரசமும் மட்டுமே. எனவே நற்கருணையே கிறித்துவின் ஒரே உண்மைப் படிமம் என்றார்.

மறுதரப்பின் வாதமும் எளிதானதன்று. அரபு ஆட்சிப் பகுதியில் வாழ்ந்ததால் பேரரசரின் கைக்கு எட்டாத தமாஸ்கு நகர யோவான், கண்ணுக்குப் புலப்படாத கடவுளை வரைய இயலாது என்பதை ஒப்புக்கொண்டார். ஆனால் அவர் மனிதராகி, காணவும் தொடவும் கூடிய உடலை ஏற்றபின் அவ்வுடலை வரையலாம் என்றார். வரையக் கூடாது என்பது அவர் உண்மையில் மனிதரானதை மறுப்பதற்குச் சமம் என்பது இதன் உட்பொருள். கடவுளுக்கு மட்டுமே உரிய வழிபாட்டையும், பிறவற்றுக்குச் செலுத்தும் வணக்கத்தையும் அவர் வேறுபடுத்தினார். பேரரசரின் வாதத்துக்கு நேர் விடை ஒன்பதாம் நூற்றாண்டில்தான் வந்தது. படிமம் மூலத்தோடு பொருளால் ஒன்றுபடுவதில்லை, தோற்றத்தால் மட்டுமே ஒன்றுபடுகிறது என்று நிக்கிபோரோசும், ஸ்தூதியோஸ் மடத்துத் தியோடோரும் வாதிட்டனர். ஓவியம் காட்டுவது இயல்பை அன்று, ஆளை என்றனர். பொருளால் ஒன்றாக இருப்பது படிமமே ஆகாது என்பதால், நற்கருணையைப் படிமம் என்பதும் தவறு என்றனர். கான்ஸ்டன்டைன் எழுப்பிய வினாவே எதிர்த்தரப்பை இவ்வளவு தெளிவாக எழுதவைத்தது எனலாம்.

ஹியேரியா சங்கம், 754

754 பெப்ரவரி 10 முதல் ஆகத்து 8 வரை, தலைநகருக்கு எதிரே ஆசியக் கரையில் இருந்த ஹியேரியா அரண்மனையில் 338 ஆயர்கள் கூடினர். மறைமுதுவர் அனஸ்தாசியோஸ் அதற்கு முன்பே இறந்திருந்ததால் எபேசு ஆயர் தியோடோசியோஸ் தலைமை தாங்கினார். உரோமைத் திருத்தந்தையோ, அலெக்சாந்திரியா, அந்தியோக்கியா, எருசலேம் மறைமுதுவர்களோ பங்கு பெறவில்லை. இதனாலேயே இது பொதுச்சங்கம் ஆகாது எனப் பின்னர் மறுக்கப்பட்டது. கடைசி அமர்வில், பிளாக்கர்னே கோயிலில், கான்ஸ்டன்டைன் என்னும் ஆயரைப் பேரரசர் புதிய மறைமுதுவராக அறிவித்தார். செர்மானோசும், தமாஸ்கு யோவானும், சைப்பிரசு நாட்டு சியார்ச்சும் சாபத்துக்கு உள்ளாக்கப்பட்டனர்.

சங்கத்தின் தீர்மானம் பேரரசரின் எழுத்துகளைவிட மிதமானது. திருவோவியம் செய்வதையும் வணங்குவதையும் அது தடை செய்தது. அதே வேளை, மரியாவின் உயர்வையும் புனிதர்களின் பரிந்துரையையும் மறுப்பவர்களையும் அது சபித்தது. உருவங்களை அகற்றுகிறோம் என்ற சாக்கில் கோயில்களின் கலங்களையும் துணிகளையும் எவரும் தாமாகவே அபகரிக்கக் கூடாது எனவும் விதித்தது. அப்படி நடந்திராவிட்டால் இவ்விதிக்குத் தேவை இருந்திராது. இத்தீர்மானம் நமக்குக் கிடைத்ததும் எதிரிகள் மூலமே. 787 இல் கூடிய இரண்டாம் நைசியா பொதுச்சங்கத்தில் அது பகுதி பகுதியாக உரக்கப் படிக்கப்பட்டு, ஒவ்வொரு பகுதிக்கும் மறுப்பும் படிக்கப்பட்டது. அந்நடவடிக்கைக் குறிப்புகளில் முழுத் தீர்மானமும் பதிவாகியுள்ளது.

எவை அழிக்கப்பட்டன

பிளாக்கர்னே கோயிலில் இருந்த கிறித்துவின் வாழ்க்கைக் காட்சிகள் அகற்றப்பட்டு, மரங்களும் பறவைகளும் விலங்குகளும் வரையப்பட்டன என்றும், கோயில் பழக்கடை போலவும் பறவைக்கூடு போலவும் ஆயிற்று என்றும் இளைய ஸ்தேவானின் வாழ்க்கை வரலாறு என்னும் நூல் குறை கூறுகிறது. இன்றும் கண்ணால் காணக்கூடிய சான்றுகள் இரண்டு உள்ளன. 740 நிலநடுக்கத்தில் சேதமடைந்த ஹேகியா ஐரீன் கோயில் இவர் காலத்தில் புதுப்பிக்கப்பட்டபோது, பலிபீடத்துக்கு மேலுள்ள அரைக்கோள விதானத்தில் உருவம் எதுவுமின்றிப் பொன்னிறப் பின்னணியில் ஒரு பெரிய சிலுவை மட்டும் அமைக்கப்பட்டது. ஹேகியா சோஃபியாவின் தென்மேற்கு மேல்தள அறை ஒன்றில், புனிதர் உருவங்கள் இருந்த வட்டங்களில் சிலுவைகள் பதிக்கப்பட்டுள்ளன. அவற்றின் கீழிருந்த பெயர்கள் பெயர்த்தெடுக்கப்பட்ட தடம் தெரிகிறது. மறைமுதுவர் நிக்கேதாசின் காலத்தில் நடந்த இவ்வேலை, ஹியேரியா சங்கத்துக்கு ஏறத்தாழ 14 ஆண்டுகள் கழித்தே நடந்தது. மறைமுதுவரின் சொந்த அலுவலக அறைகளிலேயே இவ்வளவு காலம் உருவங்கள் இருந்தன என்றால், எங்கும் ஒரே நேரத்தில் எல்லாம் உடைக்கப்பட்டன என்னும் பழைய கருத்தை ஏற்பது கடினம்.

பேரரசர்களின் உருவங்களுக்கு எந்தத் தடையும் இருக்கவில்லை. இவருடைய பொன் நாணயங்களில் ஒரு பக்கம் இவரது உருவமும், வழக்கமாகச் சிலுவை இருந்த மறுபக்கத்தில் இறந்த தந்தை லியோவின் உருவமும் பொறிக்கப்பட்டன.

துறவிகள் மீதான ஒடுக்குமுறை

கடுமையான ஒடுக்குமுறை 760களில்தான் நிகழ்ந்தது. அதன் முதன்மை இலக்கு துறவிகள். இவர்களுள் பெரிதும் அறியப்பட்டவர் அவுக்சென்டியோஸ் மலையில் வாழ்ந்த இளைய ஸ்தேவான். பேரரசரின் முன் நிறுத்தப்பட்ட அவர், பேரரசரின் உருவம் பொறித்த நாணயத்தைத் தரையில் இட்டு மிதித்தாராம். அவையோர் கொதித்தெழுந்தபோது, இவ்வுருவத்தை மிதிப்பது குற்றம் என்றால் கிறித்துவின் உருவத்தை மிதிப்பவனுக்கு என்ன தண்டனை என்று கேட்டாராம். சிறையில் தம்மோடு 342 துறவிகளை அவர் கண்டதாகவும் நூல் கூறுகிறது. இந்நூல் அவர் இறந்து 40 ஆண்டுகளுக்கு மேல் கடந்தபின் எழுதப்பட்டது. நாணயக் கதை நடந்ததோ இல்லையோ, திருவோவிய ஆதரவாளர்களின் வாதத்தை அதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. 765 நவம்பரில் ஸ்தேவான் நகரத் தெருக்களில் கும்பலால் இழுத்துச் செல்லப்பட்டுக் கொல்லப்பட்டார்.

அடுத்த ஆண்டு ஆகத்தில், துறவிகள் ஒவ்வொருவரும் ஒரு பெண்ணின் கையைப் பிடித்தபடி ஹிப்போட்ரோமில் நடத்திச் செல்லப்பட்டனர். கூட்டத்தினர் அவர்கள் மீது உமிழ்ந்தனர். சில நாட்களுக்குப் பின் உயர் அலுவலர் 19 பேர் சதிக் குற்றத்துக்காக அதே அரங்கில் நிறுத்தப்பட்டனர். அவர்களுள் இருவர் தலை துண்டிக்கப்பட்டது. மறைமுதுவர் கான்ஸ்டன்டைனும் 766 இல் பதவி நீக்கப்பட்டு, அடுத்த ஆண்டு கொல்லப்பட்டார். ஹியேரியாவில் பேரரசரே தேர்ந்தெடுத்த, திருவோவிய எதிர்ப்பாளரான ஒருவரும் இவ்வாறு கொல்லப்பட்டதைப் பார்க்கும்போது, இவ்வாண்டுகளின் வன்முறையில் ஓவியங்களுக்கு இருந்த பங்கைவிட அரியணை குறித்த அச்சத்துக்கு அதிகப் பங்கு இருந்ததாகத் தோன்றுகிறது. லெஸ்லி புரூபேக்கர், சான் ஹால்டன் ஆகிய ஆய்வாளர்கள் 2011 இல் வெளியிட்ட விரிவான நூலும், எதிரிகளின் நூல்கள் காட்டும் ஒடுக்குமுறையைப் பெரிதும் குறைத்தே மதிப்பிடுகிறது.

எனினும் இதைக் கொண்டு ஒடுக்குமுறையே இல்லை எனக் கூற முடியாது. திராக்கெசியோன் மாகாணத் தளபதி மிக்கேல் லாக்கனோதிராக்கோன், துறவிகளையும் பெண் துறவிகளையும் எபேசில் ஒன்றுகூட்டி, வெள்ளை ஆடை அணிந்து திருமணம் செய்யுங்கள், மறுத்தால் கண்களை இழந்து சைப்பிரசுக்குச் செல்லுங்கள் என ஆணையிட்டதாகத் தியோபேன்ஸ் எழுதுகிறார். மடங்களின் சொத்துகளும் விற்கப்பட்டன. இதற்கு மாறான செய்தியும் உண்டு. மூன்றாம் மனைவி யூடோக்கியா கடினமான பேறுகாலத்தில் இருந்தபோது, முன்னர்த் துன்புறுத்தப்பட்ட மன்டினேயோன் மடத்துத் தலைவி அந்தூசா நலமாகப் பிள்ளை பிறக்கும் என முன்னுரைத்தார். பின்னர் அரசி அம்மடத்துக்குக் கொடைகள் வழங்கினார். பிறந்த மகளுக்கும் அந்தூசா என்றே பெயரிடப்பட்டது. அந்தப் பெண் பின்னாளில் துறவியானார்.

நகரமும் மக்களும்

747 இல் கொள்ளைநோய் தலைநகரைத் தாக்கியது. இடுகாடுகள் நிரம்பியபின் வற்றிய நீர்த்தொட்டிகளிலும், மதிலுக்குள் இருந்த திராட்சைத் தோட்டங்களிலும் பிணங்கள் புதைக்கப்பட்டன. வெறுமையான நகருக்குக் கிரேக்கப் பகுதிகளிலிருந்தும் தீவுகளிலிருந்தும் குடும்பங்களைப் பேரரசர் குடியேற்றினார். 763–764 குளிர்காலத்தில் கருங்கடலின் கரையோரம் உறைந்து, பனிப்பாறைகள் மிதந்துவந்து நகர மதிலில் மோதின. சிறுவனாகத் தோழர்களுடன் அவற்றுள் ஒன்றின்மேல் ஏறி விளையாடியதைத் தியோபேன்ஸ் நினைவுகூர்கிறார். அவருடைய நூலின் இப்பகுதியில் கோபமில்லாத சில வரிகளுள் இவை அடங்கும்.

626 இல் ஆவார்கள் உடைத்த வாலென்ஸ் நீர்ப்பாலம் 140 ஆண்டுகளாகப் பயன்படாமல் கிடந்தது. 766 இன் வறட்சிக்குப் பின் கான்ஸ்டன்டைன் அதைச் சீரமைத்தார். இதற்காக ஆசியாவிலிருந்தும் பொன்டோசிலிருந்தும் 1000 கொத்தர்கள், 200 பூச்சு வேலையாட்கள், கிரேக்கத்திலிருந்தும் தீவுகளிலிருந்தும் 500 மண்வினைஞர்கள், திரேசிலிருந்து 5000 கூலியாட்கள், 200 செங்கல் செய்வோர் ஆக 6900 பேர் வரவழைக்கப்பட்டனர். இக்கணக்கைத் தருபவரும் தியோபேன்ஸே. தானிய விலை மிகவும் தாழ்ந்திருந்ததையும் எதிரிகளின் நூல்கள் குறிப்பிடுகின்றன. ஆனால் பேரரசர் பொன்னைப் பதுக்கி வைத்ததால் உழவர்கள் வரி கட்ட விளைச்சலை மலிவாக விற்க நேர்ந்தது என்று அதற்குக் காரணம் கூறுகின்றன.

போர்களும் இத்தாலியும்

கலீபகத்தில் 750 இல் நடந்த ஆட்சிமாற்றத்தைப் பயன்படுத்திக் கிழக்கு எல்லைக் கோட்டைகளைத் தாக்கிய பேரரசர், அங்கிருந்த கிறித்தவர்களைத் திரேசில் குடியேற்றினார். இது பல்காரியருடன் போருக்கு வழிவகுத்தது. 763 சூன் 30 இல் அங்கியாலோசில் பெற்ற வெற்றி இவற்றுள் முக்கியமானது.

மேற்கில் நிலைமை வேறு. 751 இல் இலம்பார்டியர் ராவென்னாவைக் கைப்பற்றினர். பேரரசரிடமிருந்து உதவி வராத நிலையில், திருத்தந்தை இரண்டாம் ஸ்தேவான் 753 இல் ஆல்ப்ஸ் மலையைக் கடந்து பிராங்கு அரசர் பெப்பினின் துணையை நாடினார். பெப்பின் மீட்ட நிலங்கள் பேரரசருக்கு அன்றித் திருத்தந்தைக்கே அளிக்கப்பட்டன. 757 இல் பெப்பினுக்கு ஓர் ஆர்கன் இசைக்கருவியைப் பேரரசர் பரிசாக அனுப்பியும் பயன் ஏற்படவில்லை. 769 இல் உரோமையில் கூடிய சங்கம் ஹியேரியாவைக் கண்டித்தது.

இறப்பும் பின்விளைவுகளும்

775 இல் பல்காரியருக்கு எதிராகப் படையெடுத்துச் செல்கையில் கால்களில் கட்டிகளும் கடுங்காய்ச்சலும் ஏற்பட்டுக் கான்ஸ்டன்டைன் செப்டம்பர் 14 அன்று இறந்தார். திருத்தூதர்கள் கோயிலில் அடக்கம் செய்யப்பட்டார்.

மகன் நான்காம் லியோவுக்குப் பின், மருமகள் ஐரீன் சிறுவனான தன் மகனின் பெயரில் ஆட்சி செய்தார். திருவோவியங்களை மீட்க அவர் 786 இல் கூட்டிய சங்கத்தை, மாமனாரின் பழைய படையினர் வாளோடு நுழைந்து கலைத்தனர். அப்படைகளை வெளியேற்றிய பின்னரே அடுத்த ஆண்டு நைசியாவில் சங்கம் கூடியது. 813 இல் பல்காரிய அரசன் குரூம் நகரை நெருங்கியபோது, முன்னாள் படைவீரர் சிலர் திருத்தூதர்கள் கோயிலில் இருந்த கான்ஸ்டன்டைனின் கல்லறையைத் திறந்து அதன்முன் விழுந்து, எழுந்துவந்து நாட்டைக் காக்குமாறு வேண்டினர். ஈராண்டுகளில் ஐந்தாம் லியோ திருவோவியத் தடையை மீண்டும் கொண்டுவந்தார். அது 843 வரை நீடித்தது.

தடை முடிவுக்கு வந்தபின், மூன்றாம் மிக்கேலின் ஆட்சியில் கான்ஸ்டன்டைனின் உடல் தோண்டியெடுக்கப்பட்டு எரிக்கப்பட்டது. பச்சைநிறக் கல்லாலான அவருடைய பேழை பலகைகளாக அறுக்கப்பட்டு, அரண்மனையில் இருந்த மரியாவின் கோயிலை அழகுபடுத்தப் பயன்படுத்தப்பட்டது.